பேனலைத் திட்டுவதற்கு முன்: கொட்டகைச் சோலாரில் நாம் செய்யும் தவறுகள்

கடலூரை அடுத்த நெல்லிக்குப்பம் பக்கம் என் மைத்துனர் மாட்டுக்கொட்டகைக்கு வைகாசியில் ஒரு 40 வாட் பேனல் போட்டார். இரண்டு எல்.இ.டி. விளக்கு எரிய வேண்டும், அவ்வளவுதான். ஐப்பசி வரை ஒரு குறையும் இல்லை. கார்த்திகையில் மாடு கன்று ஈன்ற இரவன்று விளக்கு மங்கி அணைந்துவிட்டது. டார்ச்சைப் பல்லில் கவ்விக்கொண்டு கன்றைத் துடைத்தவர், விடிந்ததும் "பேனல் போலி" என்று தீர்ப்பு எழுதிவிட்டார்.

பேனல் நன்றாகத்தான் இருந்தது. கொட்டகைக்குத் தெற்கே நின்ற தென்னையை அவர் கணக்கில் சேர்க்கவில்லை.

கடலூர் பூமத்திய ரேகைக்கு ஏறக்குறைய 11.7 டிகிரி வடக்கே இருக்கிறது. வைகாசியில் உச்சிவெயில் சற்று வடக்கிலிருந்து வரும்; கூரைக்கு மேல் 30 அடி உயர்ந்த தென்னையின் நிழல் நாலைந்து அடி தெற்கே விழுந்துவிடும். மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்துவிடுவதால், அதே மரத்தின் நிழல் உச்சிவேளையிலேயே 21 அடி வடக்கே நீளும். பேனல் இருந்த இடமும் அதுதான். இதில் பலர் ஏமாறுகிறார்கள்: "ஒரு மட்டை நிழல்தானே, ஓரத்தில்தானே" என்பார்கள். சிறிய பேனலில் பொதுவாக 36 செல்கள், அதாவது வெயிலை மின்சாரமாக்கும் சிறு தகடுகள், வரிசையாகக் கோத்திருக்கும். வாய்க்காலில் ஓரிடத்தில் கரை சரிந்தால் கடைமடைக்குத் தண்ணீர் போகாதே, அந்தக் கதைதான். இரண்டு செல் மறைந்தாலும் மொத்த மின்சாரமும் படுத்துவிடும். ஆகவே இடத்தைக் கோடையில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். தெற்கே மரமோ மாடிச்சுவரோ இல்லாத இடமாக, தெற்கு நோக்கி 12 முதல் 15 டிகிரி சாய்த்து வையுங்கள். மட்டமாகப் படுக்கவைத்தால் காக்கை எச்சம் மழையில்கூடக் கழுவிப்போகாது.

அடுத்தது இன்வெர்ட்டர். வீட்டில் சும்மா கிடந்த ஒன்றை எடுத்துவந்து கொட்டகையில் மாட்டுவது நம்மூர் வழக்கம். விளக்கே எரியாவிட்டாலும் தன்னைத்தானே ஓட்டிக்கொள்ள 10 வாட் தின்னும் இன்வெர்ட்டர், ஒரு நாளைக்கு 240 வாட்-மணி விழுங்கிவிடும். 9 வாட் விளக்கு இரண்டு, ஐந்து மணி நேரம் எரிந்தால் செலவு 90 தான். விருந்தாளியை விடச் சமையல்காரர் அதிகம் சாப்பிடும் வீடு அது! 12 வோல்ட் விளக்கை வாங்கி, சார்ஜ் கன்ட்ரோலரிலிருந்து (பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவே நின்று சார்ஜைக் கட்டுப்படுத்தும் பெட்டி) நேராகக் கொடுப்பதே நல்லது.

ஆனால் 12 வோல்ட்டில் ஒயரை அலட்சியம் செய்யக் கூடாது. விளக்கும் விசிறியும் சேர்ந்து 60 வாட் என்றால் 5 ஆம்பியர் ஓடும். கடையில் "ஒன்றரை ஸ்கொயர்" (1.5 சதுர மில்லிமீட்டர் தடிமன்) என்று கேட்டு வாங்கும் செம்பு ஒயரில் 20 மீட்டர் தூரம் கொண்டுபோனால், போய்த் திரும்பும் வழியில் 2.4 வோல்ட் கரைந்துவிடும். பேட்டரியைக் கொட்டகையிலேயே வைத்து ஒயரைக் குறையுங்கள். முடியாதென்றால் 4 ஸ்கொயர் வாங்குங்கள். பேட்டரிக்கு அருகிலேயே ஒரு ஃபியூஸும் வேண்டும்.

பழைய கார் பேட்டரி வேண்டாம். ஸ்டார்ட் செய்யும் ஒரு நொடிக்கு முழு வேகம் கொடுக்கப் பிறந்தது அது. தினமும் பாதி காலியானால் சீக்கிரமே செத்துவிடும். தினமும் காலியாகி ஏறுவதைத் தாங்கும் டியூப்லர் பேட்டரியே ஆனாலும் பாதிக்குக் கீழே இறங்க விடாதீர்கள். வடகிழக்குப் பருவமழையில் இரண்டு மூன்று நாள் வெயிலே தலைகாட்டாது என்பதால் அந்த அளவுக்கு இருப்பு வேண்டும். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு வரும். வைக்கோலோடு மூலையில் அடைக்காமல் காற்றோட்டமாக வையுங்கள்.

கன்ட்ரோலரில் முதலில் பேட்டரியை இணைக்க வேண்டும், பிறகுதான் பேனல். கழற்றும்போது பேனல் முதலில். மாற்றிச் செய்தால் சில கன்ட்ரோலர்கள் புகைந்துவிடும்.

கடைசியாகக் காற்று. 30 டிசம்பர் 2011 அன்று தானே புயல் இந்தக் கரையில் என்ன செய்தது என்று பண்ணுருட்டி முந்திரிக்காரர்களுக்குத் தெரியும். அதற்குப் பிறகும் பேனலைக் கட்டுக்கம்பியால் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். உப்புக்காற்றில் சாதாரண இரும்பு போல்ட்டும் அலுமினியச் சட்டமும் சேர்ந்தால் இரண்டுமே அரிக்கும்; ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போல்ட் சில ரூபாய்தான் கூடுதல். மைத்துனர் இப்போது பேனலைக் கொட்டகையின் வடக்கு ஓரத்துக்கு மாற்றி நான்கு போல்ட்டில் நிறுத்தியிருக்கிறார். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்த இரவில், முன்கூட்டியே கழற்றிய அந்தப் பேனல் அவர் கட்டிலுக்கடியில் கிடந்தது.