நாய்க்கு இன்சூரன்ஸ் எடுக்கப் போகிறீர்களா? பலரும் இடறும் இடங்கள் இவை

போன வருஷம் மே மாதம், நல்ல மாம்பழ சீசன். எங்கள் வீட்டு லாப்ரடார் புஜ்ஜி ஒரு மாங்கொட்டையை அப்படியே விழுங்கிவிட்டான். முதல் நாள் இரண்டு தடவை வாந்தி எடுத்தான். மறுநாள் குடித்த தண்ணீர்கூட வயிற்றில் தங்கவில்லை. எக்ஸ்ரேவும் ஸ்கேனும் எடுத்துப் பார்த்தால், கொட்டை சிறுகுடலில் போய் அடைத்துக்கொண்டிருந்தது. அன்றிரவே ஆபரேஷன். மூன்று நாள் கழித்து வயிற்றில் தையலும் கழுத்தில் பிளாஸ்டிக் கூம்புமாக வீட்டுக்கு வந்தான். பில் 42,000 ரூபாய்.

இன்சூரன்ஸ் இருக்கிறதே என்று தெம்பாகத்தான் இருந்தேன். கிளெய்ம் திரும்பி வந்துவிட்டது. பில்லில் என் பெயர் இருந்தது. புஜ்ஜியின் பெயரும் இல்லை, அவன் தோலுக்கு அடியில் போட்ட அடையாள மைக்ரோசிப்பின் எண்ணும் இல்லை. 'டாக் சர்ஜரி' என்று ஒரே ஒரு வரி, அதன் எதிரே மொத்தத் தொகை. மருத்துவமனைக்கு நான்கு முறை அலைந்து, ஆபரேஷன், மயக்க மருந்து, மாத்திரை, தங்கிய நாட்கள் என்று தனித்தனியாகப் பிரித்து, டாக்டரின் பதிவு எண்ணோடு எழுதி வாங்கிக் கொடுத்த பிறகுதான் பணம் வந்தது. எக்ஸ்ரே, ஸ்கேன் செலவைக் கழித்துக்கொண்டார்கள். அந்தப் பாலிசியில் பரிசோதனைச் செலவு சேராது என்பதை அன்றுதான் படித்தேன்.

அதிலிருந்து, நாய் வளர்க்கும் யாராவது "எடுக்கலாமா, வேண்டாமா?" என்று கேட்டால் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: எந்தச் செலவை நினைத்துப் பயப்படுகிறீர்கள்? மாதாமாதம் ஆகும் சின்னச் செலவையா, ஒரே ராத்திரியில் வந்து விழும் பெரிய செலவையா? இந்தப் பாலிசிகள் இரண்டாவதற்குத்தான் ஓரளவு உதவும். இதைப் பிரித்துப் பார்க்காமல் எடுப்பவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள்.

மனுஷ மெடிக்ளெய்ம் மாதிரி என்று நினைப்பது

கிராமத்தில் மாடு வளர்ப்பவர்களுக்கு இன்சூரன்ஸ் புதிதல்ல. மாட்டின் காதில் மஞ்சள் டேக் அடிப்பார்கள், மாடு செத்தால் பணம் வரும். டேக் இல்லை என்றால் கிளெய்ம் இல்லை. நம் நாட்டில் நாய் இன்சூரன்ஸும் முதலில் இந்த வழியில்தான் வந்தது. பொதுத்துறை நிறுவனங்களின் பழைய நாய் பாலிசிகள் பெரும்பாலும் நாய் இறந்தால் ஒரு தொகை தருபவை. சிகிச்சைச் செலவை மையமாக வைத்த பாலிசிகள் பரவலாகப் பேசப்பட்டது, 2020ல் பஜாஜ் அலையன்ஸ் நாய்களுக்கென்று ஒன்றைக் கொண்டுவந்த பிறகுதான்.

ஆகவே ஏஜென்ட் "டாக் இன்சூரன்ஸ்" என்று சொன்னதும் தலையாட்டாதீர்கள். இது இறப்புக்கா, சிகிச்சைக்கா, இரண்டுக்குமா? சிகிச்சைக்கு என்றால் எவ்வளவு? இரண்டு பகுதிக்கும் தனித்தனி வரம்பு இருக்கும். இன்னொரு விஷயம், இறப்புக்கான தொகையை நாயின் இனத்தையும் சந்தை விலையையும் பார்த்துத்தான் போடுவார்கள். தெருவிலிருந்து எடுத்து வளர்க்கும் நாட்டு நாய்க்கு அந்தக் கணக்கில் பெரிதாக எதுவும் வராது. நமக்கு அவன் விலை மதிப்பில்லாதவன்தான், ஆனால் பாலிசிக்கு அது தெரியாது. நாட்டு நாய் வைத்திருப்பவர்கள் சிகிச்சைப் பகுதியை மட்டும் பார்த்து முடிவு செய்தால் போதும்.

வருமான வரியிலும் இதே குழப்பம் உண்டு. மருத்துவக் காப்பீட்டு பிரீமியத்துக்குக் கிடைக்கும் வரிக் கழிவு நமக்கும் துணைக்கும் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும்தான். நாய்க்குக் கட்டும் பிரீமியத்தை அதில் காட்ட முடியாது.

'அட்மிஷன்' என்றால் என்ன என்று கேட்காமல் விடுவது

என்னைக் கேட்டால் எல்லாவற்றிலும் பெரிய தவறு இதுதான்.

நம்மூர் வெயிலுக்கு உண்ணி வருஷம் முழுக்க இருக்கும். காது மடலுக்குள், விரல் இடுக்கில், கழுத்துப் பட்டைக்கு அடியில் ஒட்டிக்கொண்டு ரத்தம் குடிக்கும். அதன் வழியே வருவதுதான் உண்ணிக் காய்ச்சல். நாய் சாப்பாட்டை மோந்துவிட்டு விலகிப் போகும், ஈறு வெளுக்கும், ரத்தத் தட்டணுக்கள் இறங்கும், சில சமயம் மூக்கிலிருந்து ரத்தம் வரும். டாக்டர் ரத்தப் பரிசோதனை செய்து, டாக்ஸிசைக்ளின் மாத்திரையை மூன்று நான்கு வாரத்துக்கு எழுதித் தருவார். கூடவே நாலைந்து நாள் ட்ரிப்ஸ்.

அந்த ட்ரிப்ஸ் எப்படி ஏறுகிறது என்று பாருங்கள். காலையில் கூட்டிக்கொண்டு போகிறோம். மேஜையில் படுக்கவைத்து முன்னங்காலில் ஊசி குத்துகிறார்கள். நாம் தலையைப் பிடித்துக்கொண்டு "ஒண்ணும் இல்லடா, ஒண்ணும் இல்லடா" என்று தடவிக்கொடுத்தபடி இரண்டு மணி நேரம் நிற்கிறோம். முடிந்ததும் காலில் ஊசியோடு பேண்டேஜ் சுற்றி வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். நாளைக்கும் இதே கதை. நம் ஊரில் பெரும்பாலான கிளினிக்குகளில் நாயை ராத்திரி தங்கவைக்க இடமும் இல்லை, ஆளும் இல்லை.

பாலிசியில் 'மருத்துவமனையில் சேர்க்கப்பட்டால்' என்று எழுதி, அதற்கு 24 மணி நேரம் என்று ஒரு கணக்கும் வைத்திருந்தால், ஐந்து நாள் ட்ரிப்ஸும் அதற்குள் வராது. அது புறநோயாளி சிகிச்சை. புறநோயாளிச் செலவு பல பாலிசிகளில் தனியாகக் கூடுதல் பணம் கட்டி எடுக்க வேண்டிய பகுதி, அதற்கும் சின்ன வரம்புதான். நம் நாய்களுக்கு அடிக்கடி வரும் வியாதி இப்படி அப்படியே வெளியே நின்றுவிடும். அதனால் கையெழுத்துப் போடும் முன் நிறுவனத்துக்கு ஒரு மெயில் அனுப்புங்கள்: "என் நாய்க்கு உண்ணிக் காய்ச்சல் வந்து, தினமும் பகலில் மட்டும் ட்ரிப்ஸ் ஏற்றினால் பணம் உண்டா?" பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள். ஏஜென்ட் போனில் "எல்லாம் வரும் சார்" என்று சொன்னது நாளைக்கு எதற்கும் உதவாது.

வயது விஷயத்தில் தள்ளிப்போடுவது

"இப்போது நன்றாகத்தானே ஓடுகிறான், வயசான பிறகு எடுக்கலாம்." இதை நிறையப் பேர் சொல்லக் கேட்டிருக்கிறேன். வயசான பிறகு தர மாட்டார்கள். முதல் தடவை எடுப்பதற்கு ஏழு வயதுக்குள் என்பது பொதுவாகப் பார்க்கும் வரம்பு. கிரேட் டேன், செயின்ட் பெர்னார்ட் போன்ற ராட்சத இனங்களுக்கு நான்கு வயதோடு கதவை மூடிவிடுவார்கள். அந்த இனங்களின் ஆயுசே குறைவு, வயிறு உப்பித் திருகிக்கொள்ளும் ஆபத்தும் அவற்றுக்கு அதிகம். சில மணி நேரத்துக்குள் ஆபரேஷன் செய்தாக வேண்டிய நிலை அது. இன்சூரன்ஸ் மிகவும் தேவைப்படும் நாய்களுக்குத்தான் கால அவகாசமும் குறைவு.

இன்னொரு முனையில் குட்டிகள். பாலிசி ஆரம்பிப்பதே மூன்று மாதத்திலிருந்து, சிலவற்றில் ஆறு மாதத்திலிருந்து. குட்டிகளை வாந்தி பேதியில் கொண்டுபோகும் பார்வோ வைரஸ் அதுவரை காத்திருக்காது. பாலிசி எடுத்த பிறகும் நோய்களுக்குக் காத்திருப்புக் காலம் உண்டு, அதற்குள் வரும் நோய்க்குப் பணம் இல்லை. அதனால் குட்டியைக் காப்பது ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கும் தடுப்பூசிதான். அந்த வயதில் இன்சூரன்ஸை நம்பி ஒன்றும் ஆகாது.

தெருவிலிருந்து எடுத்த நாய்க்கு வயதுச் சான்று ஏது என்று கேட்பார்கள். டாக்டர் பல்லைப் பார்த்து உத்தேச வயதை எழுதித் தருவார். அதை முதல் முறை காட்டும்போதே வாங்கிவிடுங்கள்.

பழைய நோயை மறைப்பது, புதுப்பிக்க மறப்பது

ஏற்கெனவே இருக்கும் நோய்க்குப் பணம் இல்லை. இது எல்லாப் பாலிசியிலும் உண்டு. லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்ட், ராட்வைலர் இனங்களுக்கு இடுப்பு மூட்டுக் கோளாறு பரம்பரையாக வரும். ஒன்றரை வயதில் "பின்னங்காலைக் கொஞ்சம் இழுத்து நடக்கிறான்" என்று நீங்கள் சொன்னதை டாக்டர் ஒரு வரி குறித்து வைத்திருப்பார். மூன்று வருஷம் கழித்து ஆபரேஷன் கிளெய்ம் போட்டால் அந்தப் பழைய குறிப்பையும் கேட்பார்கள். விண்ணப்பத்தில் அதைச் சொல்லாமல் விட்டிருந்தால் மூட்டுக்கான பணம் மட்டும் போகாது, பாலிசியே செல்லாது என்று சொல்லவும் வழி கிடைத்துவிடும். சொல்லிவிடுங்கள். அந்த ஒன்றை ஒதுக்கிவிட்டு மற்றதற்குத் தருவார்கள்.

புதுப்பிக்கும் தேதியும் இதைச் சேர்ந்ததுதான். ஒரு மாதம் இடைவெளி விட்டுப் புதிதாக எடுத்தால், போன வருஷம் வந்த தோல் வியாதி இந்த வருஷம் 'ஏற்கெனவே இருந்த நோய்' ஆகிவிடும். காத்திருப்புக் காலமும் முதலிலிருந்து ஆரம்பிக்கும்.

பெண் நாய் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கருத்தடை செய்யாத பெண் நாய்க்குக் கர்ப்பப்பையில் சீழ் பிடிக்கும் அபாயம் உண்டு, ஹீட் என்னும் இனச்சேர்க்கைப் பருவம் முடிந்து சில வாரங்களில் வரும். உயிரையே வாங்கிவிடக்கூடியது. கர்ப்பம், பிரசவம் தொடர்பானவை பல பாலிசிகளில் விலக்கு. இதையும் அந்தக் கணக்கில் சேர்க்கிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கருத்தடைச் செலவை எந்த நிறுவனமும் தருவது அபூர்வம், ஆனால் அதைக் கைக்காசு போட்டுச் செய்துவிட்டால் இந்தக் கவலையே இல்லை.

தடுப்பூசி அட்டையை அலட்சியமாக வைப்பது

டிஸ்டெம்பர், லெப்டோ, ரேபிஸ் மாதிரி தடுப்பூசி உள்ள நோய் வந்து, அந்த வருஷ பூஸ்டர் போடாமல் இருந்தால் கிளெய்ம் நிற்காது. பூஸ்டர் தேதி தள்ளிப்போனாலே கேள்வி வரும். அட்டையில் மருந்துக் குப்பியின் ஸ்டிக்கர் ஒட்டியிருக்க வேண்டும், டாக்டர் கையெழுத்தும் தேதியும் இருக்க வேண்டும். இரண்டு பக்கத்தையும் போனில் படம் எடுத்து வையுங்கள்.

மைக்ரோசிப்பையும் போட்டுவிடுங்கள். அரிசி அளவு, தோள்பட்டைகளுக்கு நடுவே தோலுக்கு அடியில் ஊசியால் போடுவார்கள், ஸ்கேனரை வைத்தால் 15 இலக்க எண் தெரியும். மாட்டுக்குக் காது டேக் என்றால் நாய்க்கு இது. சென்னை மாநகராட்சி 2025ல் செல்லப்பிராணி உரிமத்துக்கு இதைக் கட்டாயமாக்கியதால், சென்னைவாசிகள் எப்படியும் செய்தாக வேண்டியதுதான்.

கணக்குப் போடாமல் முடிவு செய்வது

ஒரு கணக்குக்கு, வருஷ பிரீமியம் 6,000 ரூபாய், காப்பீட்டுத் தொகை 50,000, ஒவ்வொரு கிளெய்மிலும் 10 சதவீதம் நம் பங்கு என்று வைத்துக்கொள்வோம். புஜ்ஜியின் 42,000 ரூபாய் பில்லில் பரிசோதனைச் செலவு 6,000 கழிந்தால் 36,000. அதில் நம் பங்கு 3,600 போக, கைக்கு வருவது 32,400.

அதே 6,000 ரூபாயை மாதம் 500 வீதம் ரெக்கரிங் டெபாசிட்டில் போட்டால் எட்டு வருஷத்தில் 48,000, வட்டி தனி. நாய் ஆரோக்கியமாக இருந்தால் பணம் முழுக்க நம்முடையது, உண்ணிக் காய்ச்சலுக்கும் பல் சுத்தம் செய்வதற்கும் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். ஆனால் மாங்கொட்டை இரண்டாவது வருஷமே உள்ளே போனால் கையில் இருப்பது 12,000தான்.

என் அபிப்பிராயத்தைச் சொல்லிவிடுகிறேன். பெரிய இன நாய், வயது இரண்டுக்குள், திடீரென்று 50,000 புரட்டுவது கஷ்டம் என்ற நிலை இருந்தால் பாலிசி எடுப்பது நல்லது. வீட்டில் இருப்பது நாட்டு நாய், அவசரத்துக்குச் சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை மாதிரி ஓர் இடம் எட்டும் தூரத்தில் இருக்கிறது என்றால் டெபாசிட் போதும். 1903ல் ஆரம்பித்த கல்லூரி அது. வரிசை நீளம், காலையிலேயே போக வேண்டும், ஆனால் தனியார் கட்டணத்தோடு ஒப்பிட்டால் செலவு மிகக் குறைவு. நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு கால்நடைக் கல்லூரிகளிலும் இந்த வசதி உண்டு.

ஒரு பகுதிக்கு மட்டும் நான் எப்போதும் பரிந்துரை செய்வேன்: நம் நாய் அடுத்தவரைக் கடித்தால் அவருக்குத் தர வேண்டிய இழப்பீட்டுக்கான பகுதி. 2024 மே மாதம் சென்னை ஆயிரம் விளக்குப் பூங்காவில் இரண்டு ராட்வைலர்கள் ஐந்து வயதுச் சிறுமியைக் கடித்துக் குதறியது நினைவிருக்கும். ஒரு குழந்தையின் சிகிச்சை என்று வரும்போது பணம் இல்லை என்று நிற்கக் கூடாது. அதற்காகக் கவனக்குறைவாக இருந்துவிட்டு இன்சூரன்ஸ் பார்த்துக்கொள்ளும் என்று நினைக்க வேண்டாம். வளர்ப்பு விலங்கைக் கவனக்குறைவாக விட்டதற்காக பாரதிய நியாய சன்ஹிதா 291வது பிரிவில் வழக்கு வந்தால் அந்தத் தண்டனை நமக்குத்தான்.

இழந்த நாளில் செய்யும் தவறு

இதைச் சொல்லவே சங்கடமாக இருக்கிறது. நண்பர் ஒருவரின் நாய் விடியற்காலையில் இறந்துவிட்டது. பிள்ளைகள் எழுந்து பார்ப்பதற்குள் கொல்லையில் தென்னை மரத்தடியில் புதைத்துவிட்டார். இறப்புக்கான தொகை கேட்டபோது டாக்டர் சான்று, படங்கள், எதனால் இறந்தது என்ற விவரம் எல்லாம் கேட்டார்கள். அவரிடம் எதுவும் இல்லை. அழுதுகொண்டிருக்கும் நேரத்தில் போனை எடுத்துப் படம் எடு என்று யாரிடமும் சொல்ல மனசு வராதுதான். அதனால்தான் முன்கூட்டியே சொல்கிறேன்: டாக்டரை வரவழையுங்கள் அல்லது கொண்டுபோங்கள், சிப்பை ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள், சான்று வாங்குங்கள், நிறுவனத்துக்கு உடனே தகவல் சொல்லுங்கள், அப்புறம் அடக்கம் செய்யுங்கள். காணாமல் போனாலும் அன்றைக்கே போலீசில் புகார் கொடுத்து நகல் வாங்குங்கள்.

கிளெய்மை மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுத வேண்டும். ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது பதில் சரியில்லை என்றால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். ஒரு வருஷத்துக்குள் போக வேண்டும். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னை தேனாம்பேட்டையில் அண்ணா சாலையில் இருக்கிறது. கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம். பாலிசி நகல், மறுப்புக் கடிதம், நாயின் பெயரும் சிப் எண்ணும் உள்ள பில்கள், தடுப்பூசி அட்டை இவ்வளவும் கையில் இருந்தால் போதும்.