துணைக் கட்டுரைகள்: அமெரிக்கப் பல்கலைக்கழக விண்ணப்பத்தின் கடினமான பகுதி

அமெரிக்காவில் எளிதில் இடம் கிடைக்காத பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கும் மாணவர்கள், காமன் ஆப் (Common App) என்ற பொது விண்ணப்பத் தளத்தின் வழியாக எல்லாக் கல்லூரிகளுக்கும் பொதுவாகச் செல்லும், 650 சொற்களுக்கு மிகாத கட்டுரையோடு, ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தனியாகக் கேட்கும் துணைக் கட்டுரைகளையும் எழுத வேண்டும். பொதுக் கட்டுரைக்கு மாதக்கணக்கில் உழைத்துவிட்டுத் துணைக் கட்டுரைகளைக் கடைசி வாரத்துக்குத் தள்ளிவிடுவோர் பலர். உண்மையில் பத்துக் கல்லூரிகளுக்கு விண்ணப்பிப்பவருக்கு எழுத்து வேலையின் பெரும்பகுதி இங்கேதான் இருக்கிறது. தளம் ஆகஸ்ட் 1 அன்று புதிய ஆண்டுக்குத் திறக்கிறது. முன்கூட்டிய விண்ணப்பங்கள் பல நவம்பர் 1 அன்றே முடிந்துவிடுவதால், ஆகஸ்டிலேயே தொடங்குவது நல்லது.

முதலில் எல்லாக் கேள்விகளையும் சொல் வரம்புகளோடு ஒரே தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கேள்விகள் ஆண்டுதோறும் மாறக்கூடும் என்பதால் பழைய பட்டியலை நம்ப வேண்டாம். பிறகு பொதுக் கட்டுரை, செயல்பாடுகளின் பட்டியல், ஆசிரியர்களின் பரிந்துரைக் கடிதங்கள் ஆகியவை உங்களைப் பற்றி ஏற்கெனவே எதைச் சொல்லிவிட்டன என்று பாருங்கள். அவை சொல்லாமல் விட்டதைச் சொல்வதற்கே துணைக் கட்டுரை இருக்கிறது. பொதுக் கட்டுரை விவாதப் போட்டியில் வென்றதைப் பற்றியது என்றால், அதே வெற்றியை இன்னொரு பல்கலைக்கழகத்தின் கேள்விக்கும் விடையாகத் தருவது, எழுதக் கிடைத்த இடத்தை வீணாக்குவதே ஆகும்.

அதிகக் கவனம் தேவைப்படுவது, 'எங்கள் பல்கலைக்கழகம் ஏன்?' என்ற கேள்விக்குத்தான். புகழ்பெற்ற பேராசிரியர்கள், அழகிய வளாகம், உலகத் தரம் என்று எழுதும் விடையில் பெயரை மட்டும் மாற்றினால் அது வேறெந்தக் கல்லூரிக்கும் பொருந்திவிடும். அப்படிப் பொருந்தினால் அந்தப் பத்தியை நீக்கிவிடுங்கள். பிரௌன் பல்கலைக்கழகத்தில் 1969 முதல் கட்டாயப் பொதுப் பாடங்கள் இல்லாத திறந்த பாடத்திட்டம் இருக்கிறது என்று எழுதுவதும் போதாது, ஏனெனில் விண்ணப்பிப்போர் பெரும்பாலும் அதையே எழுதுவார்கள். கிணற்று நீரைச் சோதித்துப் பழகிய ஒரு மாணவர், நீர் மாசடைந்ததை வேதியியலால் கண்டறிய முடிந்தாலும் அதைத் தடுக்கும் சட்டங்கள் ஏன் செயல்படவில்லை என்பதற்கு அதில் விடை இல்லை என்று விளக்கி, வேதியியலையும் பொதுக் கொள்கையையும் சேர்த்துப் படிக்க அந்தச் சுதந்திரம் தனக்கு எப்படி உதவும் என்று காட்டினால், அந்த விடை அவருக்கு மட்டுமே உரியதாகிறது. இதற்குத் துறையின் பாடப் பட்டியலையும் ஆய்வகப் பக்கங்களையும் பொறுமையாகப் படிக்க வேண்டும். வேறு குறுக்குவழி இல்லை.

கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் முறை வேறு. அதற்குத் தனி விண்ணப்பம் உண்டு; எட்டுக் கேள்விகளில் நான்கைத் தேர்ந்து ஒவ்வொன்றுக்கும் 350 சொற்களுக்குள் விடை எழுத வேண்டும். விண்ணப்பிக்கும் எல்லா வளாகங்களுக்கும் அதே விடைகளே செல்வதால், ஒரு வளாகத்தை மட்டும் புகழ்ந்து எழுதக் கூடாது. அலங்கார நடையும் இங்கே வேண்டாம்: என்ன செய்தீர்கள், ஏன் செய்தீர்கள், அதனால் என்ன மாறியது என்று நேராகச் சொல்லுங்கள்.

ஸ்டான்ஃபோர்டு பல ஆண்டுகளாகக் கேட்டுவரும் அறைத்தோழருக்கான கடிதம் போன்ற கேள்விகளில் சாதனைப் பட்டியலுக்கு இடமில்லை. உடன் தங்கப்போகிறவரிடம் நீங்கள் உண்மையிலேயே சொல்லக்கூடியதை எழுதுங்கள்.

ஒரு கட்டுரையை வேறொரு கல்லூரிக்கும் பயன்படுத்துவதில் தவறில்லை. ஆனால் அந்தக் கல்லூரியின் கேள்வியை மீண்டும் படித்து, அதற்கேற்ப முதல் பத்தியைப் புதிதாக எழுத வேண்டும். பெற்றோரோ ஆலோசகரோ வாக்கியங்களைத் திருத்தி எழுதிவிட்டால், பதினேழு வயது மாணவரின் குரல் மறைந்துவிடும். செயற்கை நுண்ணறிவு எழுதித் தந்ததைத் தன் எழுத்தாக அனுப்புவதைக் காமன் ஆப் மோசடியாகவே கருதுகிறது. அனுப்புவதற்கு முன் தளம் காட்டும் பிடிஎஃப் முன்னோட்டத்தை முழுவதும் படித்து, கட்டுரை பாதியில் வெட்டுப்படவில்லை என்பதையும், வேறொரு பல்கலைக்கழகத்தின் பெயர் எங்கும் தங்கிவிடவில்லை என்பதையும் உறுதிசெய்துகொள்ளுங்கள்.