ஊர் விலக்கில் விபத்தைக் குறைக்க எங்கிருந்து தொடங்குவது?

நெடுஞ்சாலையிலிருந்து கிராமத்துக்குப் பிரியும் விலக்கில் ஓர் உயிர் போனதும், ஊரே கூடி முதலில் கேட்பது வேகத்தடையைத்தான். அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் தேசிய நெடுஞ்சாலையில் வேகத்தடை அமைக்க விதிகள் இடம் தருவதில்லை. மீறி அமைத்தாலும், வேகமாக வருபவர் இருட்டில் அதைக் கவனிக்காமல் ஏறினால் அதுவே அடுத்த விபத்துக்குக் காரணமாகும். எனவே மனு எழுதுவதற்கு முன் விலக்கில் ஒரு மணி நேரம் நின்று கவனியுங்கள்.

முதலில் பார்க்க வேண்டியது பார்வைத் தூரம். மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் வரும் கார் ஒரு நொடியில் ஏறத்தாழ 22 மீட்டர் கடக்கிறது. புல்லுக்கட்டு ஏற்றிய மொபெட் ஊர்ச்சாலை முனையிலிருந்து கிளம்பி மறுபுறம் சேர 8 நொடி ஆகும் என்று வைத்துக்கொண்டால், கிளம்பும்போது ஏறக்குறைய 180 மீட்டர் வரை சாலை அவர் கண்ணுக்குத் தெரிய வேண்டும். இதைச் சோதிக்க, ஊர்ச்சாலையில் சில அடி பின்னால் வண்டியில் உட்கார்ந்தபடி பாருங்கள். மற்றொருவரை நெடுஞ்சாலையின் மண் ஓரத்தில் நடக்கச் சொல்லி, அவர் எந்த இடத்தில் மறைகிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். எங்கள் ஊர் விலக்கில் 60 மீட்டருக்குள்ளேயே ஆள் மறைந்துவிட்டார். மறைத்தது சீமைக்கருவேலம், அதை வெட்டிய பிறகுதான் பின்னாலிருந்த பிளெக்ஸ் தட்டியும் மறைக்கிறது என்று தெரிந்தது. விலக்கின் வாயிலிலேயே பேருந்து நிற்பதும் இதே தீங்கைச் செய்யும் என்பதால், நிறுத்தத்தைச் சந்திப்பைத் தாண்டி மாற்றக் கேளுங்கள்.

அடுத்தது பலர் கவனிக்காதது. நெடுஞ்சாலையை அடுக்கடுக்காகத் தார் போட்டு உயர்த்திவிடுவதால், ஊர்ச்சாலை கடைசி சில மீட்டரில் செங்குத்தாக ஏறுகிறது. பாரத்தோடு மேட்டில் நின்றால் வண்டி பின்னால் சரியும் என்று பயந்து, இருபுறமும் பார்க்காமல் ஒரே மூச்சில் ஏறிவிடுகிறார்கள். இதை அலட்சியம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நிற்க இடமில்லாத சாலையில் நிற்காதவரைக் குறை சொல்வது சரியல்ல. அந்தக் கடைசி 15 மீட்டரையாவது சமமாக்கி, வெள்ளை நிறுத்தக் கோடு போட்டு, எண்கோண வடிவ ‘நில்’ பலகை வைத்து, மேட்டுக்கு முன்பாக ஊர்ச்சாலையில் வேகத்தடை அமைக்கச் சொல்லுங்கள். வேகத்தடையின் அகலம் 3.7 மீட்டர், உயரம் 10 செ.மீ. என்பது விதி, முதுகெலும்பை உடைக்கும் மண்மேடுகளை ஏற்காதீர்கள்.

நெடுஞ்சாலையில் வருபவருக்கு முன்கூட்டியே எச்சரிக்கை வேண்டும்: சந்திப்புப் பலகை, குறுக்கே அதிர்வுப் பட்டைகள், விட்டு விட்டு எரியும் மஞ்சள் சோலார் விளக்கு. இரவில் ஒருமுறை வந்து பாருங்கள். பகலில் பளிச்சென்றிருக்கும் பலகை, ஒளி திருப்பும் பூச்சு தேய்ந்திருந்தால் முகப்பு வெளிச்சத்தில் தெரியவே தெரியாது. ஸ்டிக்கர் ஒட்டாத பேரிகார்டும் அப்படித்தான்.

இனி மனு. மைல்கல்லின் தலை மஞ்சள் என்றால் தேசிய நெடுஞ்சாலை, பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை. மனு போக வேண்டிய அலுவலகம் அதைப் பொறுத்தது. தேசிய நெடுஞ்சாலையில் 500 மீட்டர் நீளத்துக்குள், 3 ஆண்டுகளில் உயிரிழப்போ கொடுங்காயமோ நேர்ந்த 5 விபத்துகள் அல்லது 10 உயிரிழப்புகள் நிகழ்ந்திருந்தால், அந்த இடம் விபத்துக் கரும்புள்ளியாகக் கணக்கில் வரும். காவல் நிலையம் வரை போகாத விபத்துகளையும் தேதி, நேரம், வந்த திசையுடன் ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். எண்ணிக்கை நிறையும்வரை காத்திருக்க வேண்டாம். கிராமசபையில் தீர்மானம் நிறைவேற்றி, புகைப்படங்களுடன் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் ஆட்சியரிடம் கொடுங்கள். மாவட்ட சாலைப் பாதுகாப்புக் குழுவின் தலைவரும் அவரே. சாலை வடிவமைப்பு விதிகளைப் பின்பற்றாததால் உயிரிழப்போ ஊனமோ நேர்ந்தால், பொறுப்பான அதிகார அமைப்புக்கோ ஒப்பந்ததாரருக்கோ 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க, 2019 திருத்தத்தில் வந்த மோட்டார் வாகனச் சட்டத்தின் 198-ஏ பிரிவு வழி செய்கிறது என்பதையும் மனுவில் குறிப்பிடலாம்.

வேலை முடிந்தாலும் சீமைக்கருவேலம் மழைக்குத் திரும்பத் தழைக்கும். கார்த்திகையில் அதே இடத்தில் வண்டியில் உட்கார்ந்து, 180 மீட்டர் தெரிகிறதா என்று மறுபடி பாருங்கள்.