ஆஃப்ரோ முடிக்கு எந்த முடிமாற்று முறை? படிப்படியாகத் தேர்வு செய்வது எப்படி

ஆப்பிரிக்க வம்சாவளியினரின் அடர்சுருள் முடிக்கு முடிமாற்று அறுவை செய்வதில் உள்ள சிரமம் தோலுக்கு அடியில்தான் இருக்கிறது. வெளியே சுருண்டு நிற்கும் முடி, தோலுக்குள்ளும் வளைந்தே இறங்குகிறது. அதன் வேர்க்கால் கதிரறுக்கும் அரிவாள்போல வளைந்திருக்கும். முடியை எடுக்கும் பஞ்ச் என்ற சிறு குழல் கத்தியோ நேராக இறங்குகிறது. அப்போது வேர் பாதியில் அறுபடும். அறுபட்ட வேரை நட்டால் முளைப்பது சந்தேகம். எடுத்த இடத்திலும் மறுபடி முழுதாக வளராது. அதனால் விளம்பரத்தில் வரும் முறையின் பெயரைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். கீழே உள்ள வரிசையில் போங்கள்.

படி 1: முடி ஏன் கொட்டியது?

இதைத் தாண்டிக் குதிப்பவர்கள்தான் அதிகம் நஷ்டப்படுகிறார்கள்.

நெற்றியோரத்திலும் காதுக்கு முன்னாலும் மட்டும் முடி போய், பழைய முடிக்கோட்டில் பூனைமுடி மாதிரி ஒரு வரி மிஞ்சியிருந்தால், அது பெரும்பாலும் இறுக்கிப் பின்னியதால் வந்த இழப்பு. புதிதாக வந்ததென்றால் பின்னலைத் தளர்த்தினாலே முடி திரும்பக்கூடும். வருடக்கணக்கில் வழவழப்பாகிவிட்ட இடத்துக்கு முடிமாற்று நல்ல பலன் தரும். ஆனால் கூடவே புருவமும் மெலிந்திருந்தால் கவனம் தேவை. அது வேறொரு தழும்பு நோயாக இருக்கலாம்.

உச்சந்தலையில் தொடங்கி வட்டமாகப் பரவும் இழப்பு, எரிச்சல், அரிப்பு, தொட்டால் வலி என்றெல்லாம் இருந்தால், கறுப்பினப் பெண்களிடம் அதிகம் காணப்படும் சி.சி.சி.ஏ. என்ற நோயைச் சந்தேகிக்க வேண்டும். இதில் அழற்சி வேர்க்கால்களை அழித்துத் தழும்பாக்கிவிடும். நோய் அடங்குமுன் நட்டால், நட்ட முடியையும் அது தின்றுவிடும். தோல் மருத்துவர் 4 மி.மீ. பயாப்ஸி, அதாவது சோதனைக்கான சிறு தோல் துணுக்கு, எடுத்து உறுதி செய்யட்டும். மருந்தால் நோய் அடங்கி, குறைந்தது ஓராண்டாவது புதிய இழப்பு இல்லாமல் இருந்த பிறகே அறுவையைப் பற்றி யோசிக்கலாம். அப்போதும் முதலில் சில டஜன் கிராஃப்டுகளை (வேரோடு எடுத்த முடித் துணுக்குகளை) மட்டும் நட்டு, முளைக்கிறதா என்று மாதக்கணக்கில் காத்திருந்து பார்ப்பதே சரி. தழும்பில் ரத்த ஓட்டம் குறைவு.

ஆண்களுக்கு வரும் பரம்பரை வழுக்கை என்றால் பாதை எளிது. முடி கொட்டுவதைத் தடுக்கும் மருந்தை மட்டும் நிறுத்திவிடக் கூடாது. நட்ட முடி நிற்கும், சுற்றியுள்ள பழைய முடி தொடர்ந்து கொட்டும்.

படி 2: பின்மண்டையையும் பழைய தழும்புகளையும் பாருங்கள்

காது குத்திய இடம், மார்பு, தோள், பழைய தையல் எங்காவது தழும்பு தன் எல்லையைத் தாண்டித் தடித்து வளர்ந்திருக்கிறதா? அதுதான் கீலாய்டு. உங்களுக்கோ நெருங்கிய ரத்த உறவுக்கோ இருந்தால் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். இறுக்கித் தைக்கும் நீளக் காயத்தில் இந்த ஆபத்து கூடும். சிறு துளைகளிலும் வரலாம். சந்தேகம் இருந்தால் மறைவான இடத்தில் சில துளைகள் மட்டும் போட்டுச் சுமார் 3 மாதம் கவனிப்பது வழக்கம்.

பிடரியில் முடி வெட்டிய பின் தொடர்ந்து கொப்புளமும் கெட்டியான முண்டும் வருகிறது என்றால் அதற்கு முதலில் சிகிச்சை. கிளறினால் பெருகும்.

படி 3: இரண்டு முறைகளின் வேறுபாடு

எஃப்.யு.டி. முறையில் பின்மண்டையிலிருந்து ஏறக்குறைய 1 செ.மீ. அகலத்தில் தோல்பட்டையை வெட்டி எடுத்து, மைக்ரோஸ்கோப்பின் கீழ் வேர்க்கால்களைப் பிரிக்கிறார்கள். வேரின் வளைவு கண்ணுக்குத் தெரிவதால் அதைப் பின்பற்றி வெட்ட முடிகிறது. இதுவே ஆஃப்ரோ முடிக்கு இதன் பெரிய பலம். மண்டை முழுக்க மழிக்க வேண்டாம் என்பதால் நீளமாக முடி வைக்கும் பெண்களுக்கும் வசதி. ஆனால் ஒரு கோட்டுத் தழும்பு நிலைக்கும். ஒட்ட வெட்டிக்கொள்பவருக்கு அது தெரியும். தோல் இறுக்கமாக இருப்பவருக்கும் கீலாய்டு உள்ளவருக்கும் இது ஏற்றதல்ல.

எஃப்.யு.இ. முறையில் வேர்க்கால்களை ஒவ்வொன்றாகத் துளைத்து எடுக்கிறார்கள். கோட்டுத் தழும்பு இல்லை. அங்கங்கே புள்ளிகள் மிஞ்சும், கருந்தோலில் அவை வெளிறியும் தெரியலாம். நேர்முடிக்கு 0.8 முதல் 1 மி.மீ. பஞ்ச் போதும். ஆஃப்ரோ முடியுள்ள பலருக்கு 1 மி.மீ.க்குச் சற்று மேலும் தேவைப்படும். கூர்மையான முனையை ஆழமாக இறக்கினால் வளைந்த பகுதி அறுபடும். அதனால் மேல்தோலை மட்டும் வெட்டி, பிறகு மழுங்கிய அல்லது விளிம்பு விரிந்த முனையால், மெதுவான அலைவு இயக்கத்தில் வேரை விடுவிக்கிறார்கள். மோட்டாரை வேகமாகச் சுழற்றுபவரிடம் இந்த முடியைக் கொடுக்க வேண்டாம்.

டி.ஹெச்.ஐ., சஃபையர் என்றெல்லாம் விற்கப்படுபவை தனி எடுப்பு முறைகள் அல்ல. முன்னது நடும் பேனா, பின்னது துளையிடும் கத்தி. இரண்டிலும் முடியை எடுப்பது வழக்கமாக எஃப்.யு.இ. மூலம்தான். பேனாவின் மெல்லிய ஊசிக்குள் வளைந்த கிராஃப்டை ஏற்றும்போது அது மடங்கிச் சேதப்படலாம். எனவே கூடுதல் பணம் கேட்டால் காரணம் கேளுங்கள்.

படி 4: சோதனைத் துளை

வேர் உள்ளே எவ்வளவு வளைந்திருக்கிறது என்பதை வெளிச்சுருளை வைத்துச் சொல்ல முடியாது. ஒரே தலையிலும் இடத்துக்கு இடம் மாறும். ஆகவே முழு அறுவைக்கு முன் 20 கிராஃப்டுகள் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அதில் 1 அல்லது 2 அறுபட்டால் தொடரலாம். 4, 5 அறுபட்டால் பஞ்சின் அளவையோ கோணத்தையோ மாற்றி மறுபடி பார்க்க வேண்டும். அதற்கும் மசியவில்லை என்றால், கீலாய்டு இல்லாதவர் எஃப்.யு.டி.க்கு மாறுவது நல்லது. இந்தச் சோதனைக்கு ஒத்துக்கொள்ளாத இடத்தில் அறுவை வேண்டாம்.

படி 5: எத்தனை கிராஃப்ட்?

எண்ணிக்கையைக் கூட்டிச் சொல்பவரை நம்பாதீர்கள். சுருள்முடி தோலை மூடும் திறன் அதிகம். ஒரு சதுர செ.மீ.க்கு 20 முதல் 30 கிராஃப்டே பெரும்பாலும் நிறைவாகத் தெரியும். கிராஃப்ட் வளைந்திருப்பதால் நடும் துளையும் சற்றுப் பெரிதாக இருக்கும். மிக நெருக்கி நட்டால் ரத்த ஓட்டம் கெட்டு முடி பிழைக்காது. சுருளின் வளைவு பக்கத்து முடியோடு ஒரே திசையில் விழும்படி நட வேண்டும். கிராஃப்டைச் சுற்றிக் கொஞ்சம் கொழுப்புத் திசுவையும் விட்டுவைக்க வேண்டும். அதை ஒட்டச் செதுக்கி எடுத்தால் கிராஃப்ட் காய்ந்துவிடும்.

படி 6: கேட்க வேண்டியவை

ஆஃப்ரோ முடியில் செய்த அறுவைகளின், ஓராண்டுக்குப் பிந்தைய படங்களைக் கேளுங்கள். பின்மண்டையின் படமும் வேண்டும். கத்தியைப் பிடிப்பது மருத்துவரா, உதவியாளரா என்பதை எழுத்தில் வாங்குங்கள். உரிமமில்லாதவர்கள் அறுவை செய்வதை எதிர்த்து ஐ.எஸ்.ஹெச்.ஆர்.எஸ். என்ற சர்வதேச முடிமாற்று மருத்துவர் சங்கம் தனிப் பிரசாரமே நடத்துகிறது. முதல் சந்திப்புக்கு ரிலாக்ஸரோ (முடியை நேராக்கும் ரசாயனம்) விக்கோ இல்லாமல் இயல்பான முடியோடு போங்கள், இல்லாவிட்டால் மருத்துவரால் எதையும் அளக்க முடியாது.

அறுவைக்குப் பின் 2 முதல் 6 வாரத்தில் நட்ட முடி உதிரும். பயப்பட வேண்டாம். 3, 4 மாதத்தில் புதுமுடி தலைகாட்டும், முழுப்பலன் தெரிய 12 முதல் 18 மாதம் ஆகும். நடுவில் முடி தோலுக்குள்ளேயே சுருண்டு கொப்புளம் வரலாம். ஊசியால் தோண்டாதீர்கள், தழும்பாகும். மருத்துவரிடம் காட்டுங்கள். பின்னலால் முடி இழந்தவர்கள் நெற்றியோரத்தில் இறுக்கமான பின்னலையும் ஒட்டுமுடியையும் நிரந்தரமாக விட்டுவிட வேண்டும். நட்ட வேரும் அதே இழுவிசைக்குத் தாங்காது.