ஸ்லோவில் வண்டி உதறுதா? இன்ஜெக்டரில் கை வைக்கும் முன்

பொள்ளாச்சியில் தேங்காய் ஏற்றிக்கொண்டு காங்கேயம் போகும்போது, பல்லடம் சிக்னலில் ஸ்லோவில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் இன்ஜின் ஓட, நின்றாலே என் பிக்கப் உதறும். ஸ்டியரிங் ஆடும், டாஷ்போர்டு கடகடக்கும். கிளம்பிவிட்டால் ஒன்றும் தெரியாது. பட்டறையில் பானெட்டைத் திறந்து ஒரு நிமிஷம் கேட்டார்கள். "நாலு இன்ஜெக்டரும் போயிருச்சுங்க" என்றார்கள். சிலிண்டருக்குள் டீசலைப் பீச்சுகிற அந்த நாலையும் கழற்றி, சர்வீஸ் பண்ணி, மாட்டி, கேட்ட பணத்தைக் கொடுத்துவிட்டு வந்தேன். மறுநாள் காலையில் அதே உதறல். கடைசியில் பார்த்தால், டீசல் பில்டருக்கு வருகிற ரப்பர் ஹோஸில் மயிரிழை விரிசல்.

தப்பு என்னுடையதும்தான். வண்டி எப்போது உதறுகிறது என்று கவனிக்காமலே போய் நின்றேன். காலையில் முதல் ஸ்டார்ட்டிலா, சூடான பிறகா, ஏசி போட்டாலா, டீசல் குறைந்தாலா? இந்த நாலுக்கும் பதில் இருந்தாலே பாதி வேலை முடிந்தது. காலையில் மட்டும் வெள்ளைப் புகையோடு உதறி, சூடானதும் சரியாகிவிட்டால் குளிர்ந்த இன்ஜினைச் சூடாக்கும் ஹீட்டர் பிளக்கையோ, சிலிண்டருக்குள் காற்று அழுத்தப்படுகிற கம்ப்ரஷனையோ பார்க்க வேண்டும். சூடான பிறகு கறுப்புப் புகையோடு உதறினால் அது வேறு கதை.

ஹோஸ் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் பலர் ஏமாறுகிற இடம் இது. "ஒழுகவே இல்லையே, அப்புறம் எப்படி லீக்?" என்று கேட்பார்கள். டாங்கில் மோட்டார் இல்லாத வண்டிகளில், இன்ஜினில் இருக்கும் பம்புதான் டீசலை உறிஞ்சுகிறது. உறிஞ்சுகிற பக்கத்தில் ஓட்டை இருந்தால் டீசல் வெளியே வராது, காற்று உள்ளே போகும். காற்றுக் குமிழி கலந்த டீசலில் ஸ்லோ சீராக நிற்காது. ராத்திரி நிறுத்தி வைத்தால் லைனில் இருக்கிற டீசல் டாங்குக்கே இறங்கிவிடும். அதனால்தான் காலையில் செல்ப் நீளமாக அடிக்க வேண்டி வருகிறது. பில்டருக்கும் பம்புக்கும் நடுவில் ஒரு முழம் கண்ணாடி போன்ற டியூபை மாட்டி, வண்டியை ஸ்லோவில் விட்டுப் பாருங்கள். குமிழி ஓயாமல் ஓடினால் ஹோஸ், கிளிப், பில்டர் வாஷர் இந்த மூன்றில் ஒன்றுதான் திருடன். அப்படியே பில்டருக்கு அடியில் இருக்கும் திருகைத் தளர்த்தித் தண்ணீரையும் வடித்துவிடுங்கள். டாங்கைப் பாதி காலியாகவே வைத்து ஓட்டுகிறவர்களுக்கு மழைக்காலத்தில் தண்ணீர் சேருவது சகஜம்.

அடுத்த தவறு, ஸ்லோவை ஏற்றி வைப்பது. பழைய பம்பு வண்டியில் திருகைத் திருப்பினால் உதறல் அடங்கின மாதிரி இருக்கும். கோளாறு அப்படியே உள்ளே இருக்கும், டீசல் மட்டும் கூடுதலாகக் குடிக்கும். உதறல் நமக்குக் கிடைத்த தகவல், அதை மறைக்கக் கூடாது.

இன்ஜினே நன்றாக இருந்து, அதைத் தாங்குகிற மவுண்டிங் ரப்பர் கிழிந்திருந்தாலும் கேபின் இப்படித்தான் ஆடும். சைலன்சர் பக்கம் போய்க் காது கொடுங்கள். சத்தம் சீராக ஒரே தாளத்தில் வந்தால் மவுண்டிங்கைப் பாருங்கள். இடையிடையே ஒரு அடி விட்டுப்போனால் ஏதோ ஒரு சிலிண்டர் வேலை செய்யவில்லை.

எந்தச் சிலிண்டர் என்று கண்டுபிடிக்க, ஓடுகிற இன்ஜினில் இன்ஜெக்டர் பைப் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்துவது பழைய மேஸ்திரிகள் வழக்கம். அந்தக் கால வண்டிக்கு அது பொருந்தும். எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகிற காமன் ரெயில் வண்டியில் தயவுசெய்து செய்யாதீர்கள், செய்ய விடவும் செய்யாதீர்கள். ஸ்லோவிலேயே அந்தப் பைப்பில் 250 பாருக்கு மேல் அழுத்தம் இருக்கும். நம் டயரில் அடிக்கிற காற்று 4 பார் அளவுதான். ஊசி முனை அளவு பீச்சினாலே டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே சின்னப் புள்ளி மாதிரிதான் தெரியும், சில மணி நேரத்துக்குள் ஆபரேஷன் செய்யாவிட்டால் விரலே போகலாம். வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கிற ஸ்கேனர் மாட்டினால் எந்தச் சிலிண்டர் பின்தங்குகிறது என்று அதுவே காட்டிவிடும்.

திருப்பூரில் கம்பெனி கம்பெனியாக நின்று நின்று பீஸ் ஏற்றுகிற வண்டிகளில் புகையில் ஒரு பங்கை மறுபடி இன்ஜினுக்குள் விடுகிற இஜிஆர் வால்வில் கரி அடைத்துக்கொள்ளும். வால்வு மூடாமல் நின்றுவிட்டால், ஸ்லோவிலும் புகை திரும்ப உள்ளே வந்து வண்டி திணறும். கழற்றிக் கரியைச் சுத்தம் செய்தால் போதும். தகடு வைத்து அடைத்துவிடலாம் என்பார்கள், கேட்காதீர்கள். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ் 6 (புகைக் கட்டுப்பாட்டு விதி) வண்டியில் அடைத்தால் செக் லைட் எரியும்.

தென்னை நார் மில் பக்கம் ஓடுகிறவர்கள் எல்லாவற்றுக்கும் ஏர் பில்டரைத்தான் குறை சொல்வார்கள். அது அடைத்தால் முதலில் லோடில் இழுவை குறையும், புகை கறுக்கும். ஸ்லோவில் மட்டும் உதறுகிற வண்டிக்கு அது காரணமாக இருப்பது அபூர்வம்.

இதெல்லாம் சரியாக இருந்தால்தான் இன்ஜெக்டர். அப்போதும் உடனே கழற்ற வேண்டாம். இன்ஜெக்டரில் மிஞ்சுகிற டீசல் திரும்பிப் போகிற நாலு ரிட்டர்ன் லைனிலும் ஒரே அளவு பாட்டில் கட்டி, வண்டியைச் சில நிமிஷம் ஓடவிடச் சொல்லுங்கள். ஒரு பாட்டில் மட்டும் மளமளவென்று நிறைந்தால் அந்த ஒன்றைத்தான் பார்க்க வேண்டும், நாலையும் அல்ல. புதிது மாட்டினால் அதன் தலையில் பொறித்திருக்கும் எண்ணை ஸ்கேனர் வழியாக இன்ஜின் கம்ப்யூட்டரான இசியுவில் ஏற்றினார்களா என்று கேட்டுவிட்டுப் பணம் கொடுங்கள். நிறைய வண்டிகளில் இதை ஏற்றாவிட்டால் புது இன்ஜெக்டரோடும் ஸ்லோ உதறும்.