காசிமேட்டை ஃப்ளைட் சிமுலேட்டரில் சரியான இடத்தில் நடுவது எப்படி?

ஃப்ளைட்கியர் என்ற விமான சிமுலேட்டரில் சென்னை மீனம்பாக்கத்திலிருந்து கிளம்பி, கரையைப் பிடித்துக்கொண்டே வடக்கே பறந்து பாருங்கள். மெரினா வரும், துறைமுகம் வரும். அதற்கப்புறம் என் கணினியில் கடலும் தரையும் மட்டும்தான் தெரிந்தன. காசிமேட்டு ஏலக்கூடம் இல்லை, ஐஸ் கம்பெனி இல்லை. 1856இல் தென்னிந்தியாவின் முதல் ரயில் கிளம்பிய ராயபுரம் ஸ்டேஷன்கூட இல்லை. நாம் பிறந்து வளர்ந்த இடம் வெறும் திட்டாகக் கிடப்பதைப் பார்க்க மனசு ஒப்பவில்லை. அப்படித்தான் கட்டட மாடல்களை நானே அங்கே நடத் தொடங்கினேன்.

கட்டட மாடல் செய்வதைப் பற்றி நிறைய வீடியோக்கள் இருக்கின்றன. புதிதாக வருபவர்கள் தடுக்கி விழுவது அதற்கு அடுத்த வேலையில்: வரைபடத்தில் எடுத்த எண்ணை சிமுலேட்டருக்குப் புரியும் எண்ணாக மாற்றுவதில். இந்தப் பதிவு அதற்கு மட்டும். ஃப்ளைட்கியர் இலவசம் என்பதால் அதையே எடுத்துக்கொள்கிறேன்.

படி 1: புள்ளியை எடுங்கள்

ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் கட்டடத்தின் நடுப்பகுதியில் சொடுக்கினால் அட்சரேகை, தீர்க்கரேகை கிடைக்கும். நேரில் போய் செல்போன் ஜிபிஎஸ்ஸில் எடுத்தாலும் சரி. திறந்த வானத்தின் கீழ் சுமார் ஐந்து மீட்டர் பிசகு இருக்கும், சந்துக்குள் இன்னும் கூடும். நீங்கள் செய்ததைப் பிறருக்கும் கொடுக்க நினைத்தால் கூகுள் படங்களிலிருந்து எடுக்க வேண்டாம், உரிமைச் சிக்கல் வரும்.

தசமப் புள்ளிக்குப் பின் ஐந்து இலக்கம் வேண்டும். ஐந்தாவது இலக்கம் தரையில் ஏறக்குறைய ஒரு மீட்டர். மூன்றோடு நிறுத்தினால் நூறு மீட்டர் வரை தள்ளிப்போகும். படகுத்துறையில் அந்த அளவு தள்ளினால் கட்டடம் தண்ணீரில் நிற்கும்.

படி 2: டிகிரி, நிமிடம், வினாடியைத் தசமமாக்குங்கள்

பழக்கத்துக்கு ஒரு புள்ளி: வடக்கு 13 டிகிரி 7 நிமிடம் 12 வினாடி, கிழக்கு 80 டிகிரி 17 நிமிடம் 24 வினாடி. காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்துக்குச் சற்று மேற்கே விழும் இடம் இது. கணக்கைச் சுலபமாக்க முழு எண்ணாக வரும் புள்ளியாகப் பார்த்து எடுத்திருக்கிறேன்.

நிமிடத்தை 60ஆல் வகுங்கள், வினாடியை 3600ஆல் வகுங்கள், இரண்டையும் டிகிரியோடு கூட்டுங்கள். 7ஐ 60ஆல் வகுத்தால் 0.11667, 12ஐ 3600ஆல் வகுத்தால் 0.00333. ஆக 13.12. அதே வழியில் மற்றது 80.29.

வகுக்காமல் இலக்கங்களை அப்படியே ஒட்டி 13.0712, 80.1724 என்று எழுதுபவர்கள் உண்டு. பார்க்கச் சரியாகத்தான் தெரியும், ஆனால் காசிமேடு மதுரவாயல் பக்கம் போய் உட்கார்ந்துவிடும்.

படி 3: மீட்டரில் இருக்கும் எண்கள்

சில வரைபடங்கள் 423044, 1450514 மாதிரி பெரிய எண்களைத் தரும். இது யுடிஎம் முறை, உலகை எண்ணிட்ட மண்டலங்களாகப் பிரித்துப் போடும் மீட்டர் கணக்கு. மண்டல எண் தெரியாமல் இதை மாற்றவே முடியாது. சென்னை இருப்பது 44ஆம் மண்டலம், வடக்கு. க்யூஜிஐஎஸ் என்ற இலவச மென்பொருளில் உள்ளீட்டு முறையாக 32644 (44ஆம் மண்டலம், வடக்குக்கான குறியீடு), வெளியீட்டு முறையாக 4326 (சாதாரண அட்சரேகை, தீர்க்கரேகைக்கான குறியீடு) என்று கொடுங்கள். மேலே சொன்ன இரண்டு எண்களும் நம் 13.12, 80.29 ஆகிவிடும். மண்டலத்தை 43 என்று மாற்றிக் கொடுத்தால் அதே எண்கள் மங்களூருக்கு மேற்கே அரபிக்கடலில் விழும்.

பழைய சர்வே வரைபடத்தை ஸ்கேன் செய்து எண் எடுப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. இந்தியாவை முக்கோணம் முக்கோணமாக அளந்த மாபெரும் நில அளவை 1802இல் நம் பரங்கிமலை அருகேதான் தொடங்கியது. அந்த வழியில் வந்த வரைபடங்கள் பூமியின் வடிவத்துக்கு எவரெஸ்ட் என்ற அளவை வைத்திருக்கின்றன. ஜிபிஎஸ்ஸும் சிமுலேட்டரும் வைத்திருப்பது டபிள்யூஜிஎஸ் 84. ஒரே இடத்துக்கு இரண்டிலும் வரும் எண்கள் நூறு மீட்டருக்கு மேல் வேறுபடும். ஆகவே பழைய வரைபட எண்ணை மாற்றாமல் போடாதீர்கள்.

படி 4: எது முதலில்?

நாம் பேசும்போது அட்சரேகையை முதலில் சொல்கிறோம். ஃப்ளைட்கியரின் காட்சிக் கோப்பில் தீர்க்கரேகைதான் முதலில் வரும். கூகுள் எர்த்தின் கேஎம்எல் கோப்பிலும் அப்படித்தான். எக்ஸ்-ப்ளேன் என்ற இன்னொரு சிமுலேட்டரிலோ விமான நிலையக் கோப்பில் ஒரு வரிசை, பொருள்களை நடும் கோப்பில் நேர் எதிர் வரிசை. சென்னையைச் சுற்றி 80இல் தொடங்குவது தீர்க்கரேகை, 13இல் தொடங்குவது அட்சரேகை. மாற்றிப் போட்டால் உங்கள் ஐஸ் கம்பெனி ஸ்வால்பார்ட் தீவுகளை ஒட்டிய ஆர்க்டிக் கடலில் மிதக்கும்.

படி 5: எந்தக் கோப்பில் எழுதுவது?

ஃப்ளைட்கியர் உலகத்தைச் சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் வைத்திருக்கிறது. அந்த எண்ணை நாமே கண்டுபிடிக்கலாம், பேனாவும் காகிதமும் போதும்.

80உடன் 180ஐக் கூட்டி 16384ஆல் பெருக்குங்கள்: 4259840. 13உடன் 90ஐக் கூட்டி 64ஆல் பெருக்குங்கள்: 6592. இனி தசமப் பகுதிகள். அட்சரேகையின் 0.12ஐ 8ஆல் பெருக்கினால் 0.96, முழு எண்ணை மட்டும் எடுங்கள், 0. அதை மறுபடி 8ஆல் பெருக்கினாலும் 0. தீர்க்கரேகையின் 0.29ஐ 8ஆல் பெருக்கினால் 2.32, எடுக்க வேண்டியது 2. எல்லாவற்றையும் கூட்டினால் 4266434. இதுதான் கோப்பின் பெயர், பின்னால் எஸ்டிஜி என்ற நீட்சி. தமிழ்நாடு முழுக்க இந்தக் கணக்கு செல்லும். 22 டிகிரிக்கு வடக்கே போனால் துண்டின் அகலம் மாறிவிடும்.

அந்த 0.96ஐக் கவனித்தீர்களா? இன்னும் 550 மீட்டர் வடக்கே நகர்ந்தால் அது 1 ஆகிவிடும், கோப்பு எண் 4266442. இரண்டு துண்டுகளைப் பிரிக்கும் 13.125 கோடு கிட்டத்தட்ட காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தின் மேலேயே போகிறது! ஆகவே அங்கே எதை நட்டாலும் ஒவ்வொன்றுக்கும் தனியாகக் கணக்குப் போடுங்கள். ராயபுரம் ஸ்டேஷன் முதல் கோப்பு, திருவொற்றியூர் இரண்டாவது.

கோப்பை வைக்கும் இடம்: ஆப்ஜெக்ட்ஸ் என்ற ஃபோல்டர், அதற்குள் கிழக்கு 80 வடக்கு 10 என்ற பெரிய கட்டம், அதற்குள் கிழக்கு 80 வடக்கு 13 என்ற சிறிய கட்டம். கிழக்குக்கு ஈ, வடக்குக்கு என், இரண்டும் சிறிய ஆங்கில எழுத்து. கிழக்கு எண் மூன்று இலக்கம், 080. கோப்புக்குள் ஒரு பொருளுக்கு ஒரு வரி: ஆப்ஜெக்ட் ஸ்டாட்டிக் என்ற சொல் பெரிய எழுத்தில், நடுவே அடிக்கோடு, பிறகு மாடல் கோப்பின் பெயர், தீர்க்கரேகை, அட்சரேகை, உயரம், திசை. இடையே இடைவெளி மட்டும், காற்புள்ளி கூடாது.

படி 6: உயரம்

நான் அதிக நேரம் தொலைத்தது இங்கேதான். ஜிபிஎஸ் அடிப்படையில் அளப்பது டபிள்யூஜிஎஸ் 84 என்ற கணித வடிவத்திலிருந்து உயரத்தை. சிமுலேட்டர் கேட்பது கடல்மட்டத்திலிருந்து. பல நாடுகளில் இந்த வித்தியாசம் சில பத்து மீட்டர். நம் பக்கம் கதை வேறு: உலகிலேயே ஈர்ப்புப் பள்ளம் அதிகமான பகுதி இந்தியாவுக்குத் தெற்கே, இந்தியப் பெருங்கடலில் இருக்கிறது. அங்கே கடல்மட்டம் அந்தக் கணித வடிவத்துக்கு 100 மீட்டருக்கும் கீழே. அதன் பாதிப்பால் சென்னைக் கரையிலும் 80 மீட்டருக்கு மேல் இறக்கம். அதனால் சில ஜிபிஎஸ் செயலிகள் காசிமேட்டு மணலில் நிற்கும்போதே கழித்தல் எண்பதுக்கும் கீழே காட்டும். அதை அப்படியே எழுதினால் கட்டடம் பூமிக்குள் புதைந்துபோகும், எங்கே தேடினாலும் கிடைக்காது.

என் யோசனை, ஜிபிஎஸ் உயரத்தை விட்டுவிடுங்கள். ஃப்ளைட்கியரில் யுஎஃப்ஓ என்ற ஊர்தியை எடுத்து அந்த இடத்துக்கு மேலே நிறுத்துங்கள். டீபக் (Debug) மெனுவில் உள்ள ப்ராப்பர்ட்டி பட்டியலில், பொசிஷன் பகுதியில், தரை உயரம் மீட்டரில் இருக்கும். சிமுலேட்டரின் தரையும் நிஜத் தரையும் ஒன்றிரண்டு மீட்டர் மாறியிருக்கலாம். மாடல் நிற்கப்போவது சிமுலேட்டரின் தரையில், ஆகவே அதன் எண்ணே நமக்கு வேண்டும்.

படி 7: அளவும் திசையும்

மாடலின் நீளத்தைச் சரிபார்க்க, நம் அட்சரேகையில் வடக்கு தெற்காக ஒரு டிகிரி 110.6 கிலோமீட்டர், கிழக்கு மேற்காக 108.4. இரண்டு மூலைகளுக்கும் அட்சரேகையில் 0.0009 வித்தியாசம் என்றால் கொட்டகை கிட்டத்தட்ட நூறு மீட்டர். திசை எண்ணை முதலில் 0 என்று வைத்துப் பாருங்கள், பிறகு திருப்புங்கள். இந்தக் கோப்பில் திசை கடிகார முள்ளுக்கு எதிர்ப்பக்கமாகச் சுற்றும்.

எழுதி முடித்ததும் உங்கள் ஃபோல்டரைக் காட்சிகள் பட்டியலில் சேர்த்துவிட்டு, 13.12, 80.33 என்ற இடத்தில், ஆயிரம் அடி உயரத்தில், மேற்கு பார்த்துத் தொடங்குங்கள். அது கடலுக்கு மேலே, விடிகாலையில் விசைப்படகுகள் திரும்பி வரும் பக்கம். கரையை நோக்கிப் பறந்தால் ஏலக்கூடத்தின் கூரை முதலில் தெரிய வேண்டும், அதற்குப் பின்னால் ஐஸ் கம்பெனி.