நூற்றைம்பது நாள் கடந்த பிறகு ஒரு திருமணப் பதிவு

கல்யாணம் முடிந்து இரண்டு ஆண்டுகள் பதிவைப் பற்றி நாங்கள் நினைக்கவே இல்லை. மனைவிக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்து, எனக்குத் துணைவர் விசா தேவைப்பட்டபோதுதான் சான்றிதழ் நினைவுக்கு வந்தது.

தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டம், 2009 எல்லா மதத்தினருக்கும் பதிவைக் கட்டாயமாக்கியிருக்கிறது. கெடு 90 நாள். தவறினால் கூடுதல் கட்டணத்துடன் இன்னும் 60 நாள். எங்களுக்கு இரண்டுமே எப்போதோ போய்விட்டன. "இனி முடியாது" என்று ஒரு தரகர் சொல்லிவிட்டு, ஒரு பெரிய தொகையும் கேட்டார். முடியாத காரியத்துக்குப் பணம் எதற்கு?

வழி இருந்தது. நாங்கள் இருவரும் இந்துக்கள் என்பதால், 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டப்படி பதிவு செய்யலாம். அதற்கு அந்த 150 நாள் கணக்கு இல்லை. விண்ணப்பத்தை இணையத்தில் நிரப்பி, ஆதார், வயதுச் சான்று, பத்திரிகை, புகைப்படங்களோடு சார்பதிவாளர் அலுவலகம் போனோம்.

சிக்கல் பத்திரிகையில் இருந்தது. அத்தை ஆசையாக "சிரஞ்சீவி ராஜா" என்று என் செல்லப் பெயரை அச்சடிக்க வைத்திருந்தார். ஆதாரில் இருப்பதோ வேறு பெயர். எழுத்தர் இரண்டையும் அருகருகே வைத்து விரலால் தட்டினார். வீட்டுக்கு ஓடி, பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் மடிந்து கிடந்த கோயில் ரசீதைத் தேடி எடுத்தேன். மஞ்சள் கறைக்கு நடுவே என் முழுப் பெயர், முகூர்த்த நேரம், கோயில் முத்திரை. அன்று மாலையே கையெழுத்துப் போட்டோம்.